டிபால்ட் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் அடிக்கடி சந்திக்கும் சொல் டிபால்ட். வங்கிக் கடனைக் கட்டத் தவறியவரை டிபால்ட்டர் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதே சொல் பிரிண்டர் பெயரின் அருகேயும் இருப்பதைக் கண்டு, ஏதேனும் கோளாறோ என்று எண்ண வேண்டாம்.

இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. தவறுதல், ஏமாற்றுதல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லே இதன் வேர். பிழையைக் குறிக்கும் பால்ட் என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதுதான் டிபால்ட். கடனைக் கட்டாவிட்டால் டிபால்ட். போட்டிக்கு எதிரணி வராவிட்டால், வந்த அணிக்குக் கிடைப்பது டிபால்ட் வெற்றி.

கம்ப்யூட்டரில் செய்யாமல் விடுபவர் நீங்கள்தான்! நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காத போது, புரோகிராம் தானாக எடுத்துக் கொள்ளும் மதிப்பே டிபால்ட். எடுத்துக்காட்டாக, வேர்ட் 2003ல் டிபால்ட் எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன். வேர்ட் 2007ல் அது காலிப்ரி ஆனது. 2023ல் மைக்ரோசாப்ட் ஆப்டோஸ் எழுத்துருவிற்கு மாறியது.

வேறு எழுத்துரு வேண்டுமா? வேர்டில் கண்ட்ரோல் + டி அழுத்தவும். கிடைக்கும் விண்டோவில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, செட் ஆஸ் டிபால்ட் என்பதில் கிளிக் செய்திடவும். இந்த பைலுக்கு மட்டுமா, இனி உருவாக்கும் எல்லா பைல்களுக்குமா என்று கேட்கும். விரும்பியதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும்.

ஆனால் ஓரிடத்தில் டிபால்ட்டை அப்படியே விடக் கூடாது. அது பாஸ்வேர்ட். வீட்டு ரௌட்டர், கண்காணிப்பு கேமரா போன்றவை தொழிற்சாலையிலேயே தரப்பட்ட பாஸ்வேர்டுடன் வரலாம். ஒரே மாடல் சாதனங்கள் பலவற்றில் அது ஒன்றாகவே இருக்கும். 2016ல் மிராய் என்ற மால்வேர், இத்தகைய சுமார் 60 யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கான சாதனங்களுக்குள் நுழைந்தது. அவற்றைக் கொண்டு அக்டோபரில் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் தளங்கள் பலருக்குச் சில மணி நேரம் கிடைக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. புரோகிராம்களில் உள்ள ரெஸ்டோர் டிபால்ட்ஸ், பொதுவாக அமைப்புகளை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டு செல்லும். உங்கள் பைல்களைத் தொடாது. மொபைல் போனில் உள்ள பேக்டரி ரீசெட் அப்படியல்ல. போனில் உள்ள படங்கள் உட்பட அனைத்தையும் அழித்துவிடும். எனவே பேக்கப் எடுத்த பின்னரே அதனைப் பயன்படுத்தவும்.