சத்திரம் வரைக்கும் கொண்டுபோனவன்

வேதபாடம்: லூக்கா 10:25-37



இந்த மாதப் பாடத்தைக் கண்ணீரோடு எழுதுகிறேன். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறதற்கு முன்னே கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. ஒரு தாயின் அனுமதியோடு, பேர் சொல்லாமல் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு வாலிபனை அவனுடைய அம்மா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி முழுவதும் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. முதுகுவலிக்கு என்று கூட இருந்தவர்கள் ஒரு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் வலிக்கு, பிறகு தூக்கத்துக்கு, பிறகு அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது என்கிற நிலைமை. கடைசியில் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது.

மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீராக ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது, வாந்தியும் பேதியும் போனது, கால் வலிக்குது என்று ராத்திரியெல்லாம் கதறினான். பிசாசு புறப்படுகிறான் என்று நான் சத்தமாய்ச் சொன்னேன். பத்து நாளில் அமைதியானான். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னான். எல்லாரும் கை தட்டி கர்த்தரை ஸ்தோத்திரித்தோம். டாக்டரிடம் காட்டலாமா என்று அந்த அம்மா கேட்டபோது, "அவிசுவாசம் வேண்டாம்மா" என்று சொன்னவன் நான்தான்.

மூன்று வாரம் கழித்து பழைய கூட்டாளிகளோடு போனான். முன்பு போட்ட அதே அளவைப் போட்டிருக்கிறான். ராத்திரி வீட்டில் ஒரு மாதிரியாகக் குறட்டை விட்டான். பையன் நல்லாத் தூங்குறான் என்று தாய் நினைத்தார்கள். விடியும்போது உடம்பு சில்லிட்டிருந்தது.

பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார்: "கொஞ்ச நாள் நிறுத்தினதுல உடம்புக்கு அந்தத் தாங்கும் சக்தி போயிருச்சு பாஸ்டர். பழைய அளவே விஷமாயிருச்சு. மூச்சு மெதுமெதுவா நின்னுருக்கு. விட்ட பிறகு வர்ற நாட்கள்தான் ரொம்ப ஆபத்து. அப்போ யாராவது கூடவே இருந்து வைத்தியம் பார்த்திருக்கணும்."

அடக்கத்துக்குப் பிறகு அந்தத் தாய் கேட்ட ஒரு கேள்வி இன்றைக்கும் என்னைத் தூங்கவிடவில்லை. "ஐயா, பாம்பு கடிச்சிருந்தா ஜெபம் பண்ணிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்போமே. இதுக்கு மட்டும் ஏங்கய்யா போகல?"

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியோடு நல்ல சமாரியனின் உவமையை வாசிப்போம். நான்கு சுவிசேஷங்களில் லூக்கா மட்டுமே இதை எழுதியிருக்கிறார். அவர் ஒரு வைத்தியர் என்று கொலோசெயர் 4:14-ல் பார்க்கிறோம்.

1. அவன் விலகிப் போகவில்லை

குற்றுயிராய்க் கிடந்தவனைப் பார்த்து விலகிப் போனவர்கள் யார்? ஆசாரியனும் லேவியனும். அதாவது என்னைப் போன்ற ஊழியக்காரர்கள். சமாரியனோ கிட்ட வந்தான். "இந்த வழியிலே ஏன் தனியாக வந்தாய்? உனக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாம் முதலில் கேட்கிறதே அந்தக் கேள்விதான்!

போதைக்கு அடிமையான பையன் இருக்கிற வீட்டில் தாய் தகப்பன் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இது ஒரு வீட்டு வியாதி அல்ல. 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகமும் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியும் சேர்ந்து வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அபினி, ஹெராயின், அபினி இன வலி மாத்திரைகள் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் நம் தேசத்தில் சுமார் 77 லட்சம் பேர். சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 19 பேரும் வழியோரத்திலேயே கிடக்கிறார்கள்.

2. அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான்

அந்த நாட்களில் அதுதான் மருந்து. காயத்தைக் கட்டினான். மருந்து போடுவது அவிசுவாசம் என்று இயேசு சொல்லவில்லை. அப்படிச் செய்தவனைப் போலச் செய்யத்தான் சொன்னார். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னதை 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். வாக்குத்தத்தமும் இருந்தது, மருந்தும் இருந்தது.

இந்த வியாதிக்கும் மருந்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெநார்பின், வாயால் குடிக்கும் மெத்தடோன் ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும்போது உடம்பின் தவிப்பு அடங்கும், ஊசி தேடி ஓடுவது குறையும், சாவும் குறையும். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். சுகர் உள்ளவர் தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டால் அதைக் குற்றம் என்கிறோமா? மூச்சு நின்றுபோகிறவனைத் திருப்புகிற நலாக்சோன் என்ற மருந்தும் உண்டு. பல தேசங்களில் அதை வீட்டாரின் கையிலேயே கொடுத்து வைக்கிறார்கள்.

3. அவன் சத்திரத்துக்குக் கொண்டுபோனான்

நம்ம ஊர் பேரிலேயே சத்திரம் இருக்கிறது! காயப்பட்டவனுக்கு இங்கே இடம் இருக்கிறதா என்று ஆண்டவர் நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்?

சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி, 1979-ல் வாலிப வயதிலேயே மரித்துப்போனார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அந்தத் துக்கத்தோடு வீட்டுக்குள் அடைந்துவிடவில்லை. அமெரிக்காவுக்குப் போய் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பேரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் குடிக்கும் போதைக்கும் சிகிச்சை தரும் டி.டி.கே. ஆஸ்பத்திரி. நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. சென்னைக்கு வர முடியாத ஏழைகளுக்காக 1989-ல் மஞ்சக்குடி என்ற கிராமத்திலேயே சிகிச்சை முகாம் போட்டார்கள். 1992-ல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லவே என்று சொல்லாதீர்கள். சமாரியனும் யூதருடைய சபையைச் சேர்ந்தவன் அல்ல. தன் வீட்டுக் காயத்திலிருந்து ஆயிரமாயிரம் பேருக்கு ஒரு சத்திரம் கட்டினாரே, அதைக் கவனியுங்கள்.

நம்ம ஊருக்கும் இது புதிதல்ல. 1955-ல் டாக்டர் தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி நம் கண்முன்னே நிற்கிறது. ஜெபமும் வைத்தியமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்று நம் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லா இடமும் சத்திரம் அல்ல. அடித்து, கட்டிப்போட்டுத் திருத்துகிறோம் என்கிற இடங்களும் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநோயையும் உட்படுத்துகிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சேர்க்கும் முன் அரசுப் பதிவு உண்டா, டாக்டர் உண்டா என்று கேளுங்கள். ஜெப வீட்டிலும் யாரையும் கட்டிப்போடக் கூடாது.

4. அவன் திரும்பி வருவேன் என்றான்

இரண்டு பணத்தைக் கொடுத்து, இன்னும் செலவானால் வரும்போது தருகிறேன் என்றான். நாங்கள் தவறிப்போனது இங்கேதான். சாட்சி சொன்ன அன்றே வேலை முடிந்தது என்று நினைத்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் ஒரு தடவைதான் போனேன்.

விடுதலை ஒரு நாளில் தொடங்கலாம். பராமரிப்பு பல வருஷம் வேண்டும். மறுபடியும் விழுந்தால் துரத்தக் கூடாது. விழுந்தவன்தான் சாவுக்குக் கிட்ட இருக்கிறான்.

நாம் செய்ய வேண்டியவை

ஜெபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. முன்னிலும் அதிகமாய் ஜெபிப்போம். ஆனால் ஜெபித்த கையாலே பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம்.

போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை கேட்க 14446, மனக்கஷ்டத்துக்கு 14416. இரண்டும் இலவச எண்கள். வேதாகமத்தின் உள்அட்டையில் எழுதி வையுங்கள். போதைப் பழக்கம் உள்ளவர் எழுப்பியும் எழாமல், வித்தியாசமான குறட்டையோடு, உதடு நீலம் பாய்ந்து கிடந்தால், தூங்குகிறார் என்று விடாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

இன்னொன்று. திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுக்க ஆயத்தமாகிறோம். நம் தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் போதைச் சிகிச்சைக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள் வேண்டும், டாக்டரும் மருந்தும் நிச்சயமாய் இருக்க வேண்டும், மஞ்சக்குடியைப் போல மார்க்கெட் தொழிலாளர்களுக்கு இங்கேயே முகாம் வேண்டும் என்று கேட்கப்போகிறோம். முதல் கையெழுத்து அந்தத் தாயுடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது உங்களுடையதாக இருக்கட்டும்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. யாரைப் பார்த்து நான் விலகிப் போயிருக்கிறேன்?
2. சாட்சி சொன்னவரை அடுத்த மாதம் போய்ப் பார்த்தேனா?

ஜெபம்: ஆண்டவரே, வழியோரத்தில் கிடக்கிறவர்களைக் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். என் அறியாமையை மன்னியும். பிள்ளையை இழந்த தாயைத் தேற்றும். எங்கள் ஊரை மெய்யாகவே ஒரு சத்திரமாக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.