சர்க்கரையும் வெள்ளை அணுக்களும்

வயலில் முள் தைத்த கால் சிலருக்கு நான்கே நாட்களில் ஆறிவிடுகிறது. வேறு சிலருக்கோ அதே முள் மாதக்கணக்கில் சீழ் வைத்து, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டு வந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை முள்ளில் தேடிப் பயனில்லை. இரத்தத்தில் தேட வேண்டும்.

இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களே உடலின் காவற்படை. 1882-ஆம் ஆண்டில் மெச்னிகாவ் என்னும் ருஷ்ய அறிஞர், நட்சத்திர மீனின் இளம்புழுவில் ஒரு முள்ளைச் செருகி வைத்துப் பார்த்தார். உடலினுள் திரியும் அணுக்கள் திரண்டு வந்து அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் காலிலும் நிகழ்வது இதுவே.

ஆனால் படைக்கும் உணவு வேண்டுமல்லவா? உண்டதை உடல் சக்தியாகவும் தசையாகவும் ஆக்கிக் கொள்ளும் செயலை வளர்சிதை மாற்றம் என்பர். வெள்ளை அணுக்களில் மிகுதியான நியூட்ரோபில் என்னும் வகை பெரும்பாலும் சர்க்கரையைக் கொண்டே இயங்குகிறது. கிருமியை விழுங்கியதும் அதைக் கொல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கடும் பொருள்களைத் தனக்குள்ளேயே உண்டாக்குகிறது. புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பொருள்தான்! இதற்கான சக்தியும் சர்க்கரையிலிருந்தே கிடைக்கிறது.

அப்படியாயின், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்த நீரிழிவு நோயாளியின் அணுக்கள் பலம் மிக்கவையாக இருக்க வேண்டுமே எனலாம். நியாயமான கேள்விதான். யூரியாவை அளவுக்கு மீறி இட்ட நெற்பயிரை நினைத்துப் பாருங்கள். கரும்பச்சையாகச் செழித்து நிற்கும்; புகையானும் குலைநோயும் அதைத்தான் எளிதில் பற்றும். சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் அணுவின் உள்வேலை சீர்கெடுகிறது. அது புண்ணிடம் தாமதித்து வருகிறது. விழுங்கும் திறனும் கொல்லும் திறனும் குன்றுகின்றன. வந்த அணுக்களும் உரிய காலத்தில் விலகாமல் அங்கேயே தங்கி அழற்சியை நீட்டிக்கின்றன. நரம்பு மரத்துப் போவதால் வலியும் தெரிவதில்லை.

நீரிழிவு உள்ளவரைக் காசநோய் பற்றும் வாய்ப்பும் ஏறக்குறைய 3 மடங்காகிறது. பசியால் மெலிந்த உடலிலும் இக்காவற்படை தளர்ந்துவிடும். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் மாதந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வுதவி பெறாத குடும்பங்களைவிட இவர்களிடையே புதிதாகக் காசநோய் கண்டவர் தொகை சுமார் 39 சதவிகிதம் குறைந்திருந்தது. ரேஷன் கடை ஒழுங்காக நடப்பதைப் பஞ்சாயத்து கவனிப்பதும் ஒரு வகையில் வைத்தியமே.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 மில்லிக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால், மறுமுறையும் சோதித்து நீரிழிவை உறுதி செய்வர். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்து கொள்ளலாம். அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் முப்பது வயது கடந்த அனைவரையும் அனுப்பி வைக்க வேண்டும். நீரிழிவுள்ளோர் சேற்றிலிருந்து கரையேறியதும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துக் கொள்க. குனிய இயலாத முதியோருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம். புண் கண்டால் சுண்ணாம்பு தடவி நாள் கடத்தாமல் அன்றே டாக்டரிடம் காட்டுக.