தசைநாண் நலிவை முன்கூட்டிக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்

காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலுக்குச் சற்று மேலே வலியும் இறுக்கமும் தோன்றும். கொஞ்சம் நடந்ததும் தணிந்துவிடும். இதனை 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று சொல்லித் தைலம் தேய்த்து மறந்துவிடுவோர் பலர். அங்கே நலிவது பெரும்பாலும் நரம்பன்று. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலீஸ் தசைநாண். நம் உடலின் மிகத் தடித்த தசைநாண் இதுவே. நலிவைக் கவனியாது விட்டால், ஒருநாள் அது அறுந்துபோகவும் கூடும்.

தசைநாண், கொலாஜன் என்னும் புரத இழைகள் கயிற்றின் புரிகளைப்போல் நெருங்கி அமைந்தது. எம்.ஆர்.ஐ. கருவி, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சைகைகளைக் கொண்டே படம் வரைகிறது. நலமான தசைநாணில் நீர் இழைகளோடு இறுகப் பிணைந்திருப்பதால், அது படத்தில் கரிய பட்டையாகத் தெரியும். நலிவு தொடங்கும்போது இழைகளின் ஒழுங்கு குலைந்து நீர் மிகுகிறது. கருமையின் நடுவே வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. நாணும் உருண்டு தடிக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இம்மாற்றங்கள் தெளிவாகத் தெரிவதில்லை.

எனினும், வெளிறிய திட்டு யாவும் நோய் அல்ல. இழைகள் காந்தப்புலத்திற்கு ஏறத்தாழ 55 பாகைச் சாய்வில் அமைந்தால், நலமான தசைநாணும் சில படங்களில் வெளிறித் தோன்றும். வலியே இல்லாதவர்களின் படங்களிலும் மாற்றங்கள் காணப்படுவதுண்டு. ஆகவே, அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். உங்கள் வலியையும், கையால் தொட்டுச் செய்த பரிசோதனையையும், படத்தையும் ஒருங்கே வைத்தே நாங்கள் முடிவு செய்கிறோம். பலருக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனையே போதும். நோய் இன்னதென்று தெளிவாகாதபோதும், பகுதிக் கிழிவு இருக்குமோ என்ற ஐயம் எழும்போதும், பயிற்சி செய்தும் வலி நீங்காதபோதும் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கிறோம்.

இப்பரிசோதனையில் கதிர்வீச்சு இல்லை. பேஸ்மேக்கர், காதினுள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் இட்ட கிளிப், கண்ணில் புகுந்த இரும்புத் துகள் ஆகியவை இருப்பின் முன்னதாகவே தெரிவியுங்கள். கருவியின் ஓசை பலமாக இருக்கும், காதடைப்பான் தரப்படும். அசையாமல் படுத்திருந்தால்தான் படம் தெளிவாக அமையும்.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பெரும்பாலோர்க்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. முழு ஓய்வு இதற்கு மருந்தாகாது. இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் குதிகால் உயர்த்தும் பயிற்சியை, சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சுமார் 12 வாரங்கள் விடாது செய்ய வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையோ ஸ்டீராய்டு மருந்தையோ உட்கொள்வோர், குதிகாலில் வலி தோன்றினால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

காலின் பின்புறம் யாரோ ஓங்கி அடித்ததுபோன்ற உணர்வு திடீரென ஏற்பட்டு, நுனிக்காலில் நிற்க இயலாமற்போனால், நாண் அறுந்திருக்கலாம். அந்நிலையில் தைலம் தேய்த்துக் காத்திராமல், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.