சிதறிய உறவுகள் ஒன்றுகூடும் நாள்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, ஒரே வளவில் வாழ்ந்த சகோதரங்களும் சிதறினர். அவர்களுடைய பிள்ளைகள் பலர் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்துவிட்டனர். ஆகவே குடும்ப ஒன்றுகூடல் வீண்செலவன்று. அதைத் திட்டமிடும் முறையை நோக்குவோம்.

1. நாள்
காலபோக நெல் வீடு வந்தபின், பாடசாலை விடுமுறையோடு பொருந்தும் நாளைத் தெரிவுசெய்வோம்.

2. உணவு
செலவை ஒருவர் தலையில் சுமத்தலாகாது. ஒடியற்கூழ் இதற்கு ஏற்றது. ஒரு வீட்டார் ஒடியல் மா, இன்னொரு வீட்டார் மீனும் நண்டும், வேறொரு வீட்டார் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொண்டுவரலாம். வசதியற்றவர் விறகு கொத்தினாலும் அது பங்கே. எல்லாம் ஒரே பானையில் கொதித்தபின் யார் எவ்வளவு கொடுத்தார் என்று எவரும் அளக்கமாட்டார்.

3. விளையாட்டு
இளையோருக்குக் கிளித்தட்டு, எல்லோருக்கும் கயிறிழுத்தல். வீட்டுக்கு வீடு போட்டி வேண்டாம். பிள்ளைகளைக் கலந்து அணி பிரிப்போம். பெரியவர்கள் நடுவராகட்டும்.

4. முதியோர்
அவர்களை நிழலில் இருத்திவிட்டு மறக்கலாகாது. காணியின் நான்கு எல்லைகள், பங்குக் கிணறு, உறுதி முடித்த நொத்தாரிசின் பெயர், பாட்டன் பூட்டன் பெயர்கள் ஆகியவற்றை அவர்களே அறிவர். பேரப்பிள்ளைகள் கேட்டுக் கொப்பியில் எழுதட்டும். உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி தேடும்போது இக்குறிப்பு உதவும். அன்று எழுதுவது மட்டுமே. பங்கு, சீதனப் பேச்சு வேறொரு நாளுக்கு.

கலந்துரையாட:
அ. நம் பிள்ளைகள் எத்தனை மச்சான், மச்சாள்மாரின் பெயரை அறிவர்?
ஆ. கோபத்தினால் நாம் அழைக்காதுவிட்ட வீடு எது? அங்கு யார் போய்ச் சொல்வது?