கீழாநெல்லி வைரஸைக் கொல்லுமா?

மழை பெய்து ஒரு வாரம் கழித்து பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளக் காட்டிலோ, அரியலூர் பக்கம் முந்திரித் தோப்பு ஓரத்திலோ நடந்து பாருங்க. யாரும் விதைக்காமலே கீழாநெல்லி முளைச்சுக் கிடக்கும். இலைக்காம்புக்கு அடியில வரிசையா குட்டி நெல்லிக்காய் மாதிரி காய் தொங்கும், பேரே அதனாலதான். நம்ம ஊர்ல யாருக்காவது கண் மஞ்சளாச்சுன்னா முதல்ல தேடுறது இந்தச் செடியைத்தான். அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிக்கச் சொல்வாங்க.

இது வெறும் பாட்டி வைத்தியம்னு அறிவியல் ஒதுக்கிடல. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பரூக் பிளம்பெர்க் (1976-ல் மருத்துவ நோபல் பெற்றவர்) இந்தச் செடியை எடுத்து ஆராய்ந்தார். 1987-ல் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது என்றது. இது ஏன் முக்கியம்? இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்க அந்த நொதிதான் மெஷின். முதல்ல ஆர்என்ஏ படி, அதைப் பார்த்து டிஎன்ஏ. மெஷின் நின்னா உற்பத்தி நிற்கும். இன்னிக்கு டாக்டர்கள் கொடுக்கிற டெனோஃபோவிர் மாத்திரையும் அதே இடத்துலதான் அடிக்குது.

அடுத்த வருஷம், 1988-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு மனிதர்களிடம் சோதித்து லான்செட் இதழில் வெளியிட்டது. உலர்ந்த செடிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் காணாமல் போனது. டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 59 சதவீதத்துக்கு எதிரே 4! நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு இந்த ஆன்டிஜென் தானா மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான் நடக்கும். அதனால உலகமே திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்தவங்க தாங்களும் செஞ்சு பார்த்தாங்க. தாய்லாந்து, நெதர்லாந்து, நியூசிலாந்து. மூன்று இடத்திலும் பலன் கிடைக்கல.

ஏன்னு பல காரணம் சொல்றாங்க. கீழாநெல்லியைப் போலவே தெரியும் சொந்தக்காரச் செடிகள் உண்டு. பழைய புத்தகங்கள்ல பேரையே மாத்தி எழுதியிருக்காங்க. ஃபில்லாந்தின், ஜெரானின் போன்ற பொருள்களின் அளவு மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆனா எனக்குப் பெரிசாப் படுறது வேற: கண்ணாடிக் குழாயில் நொதியைத் தொடுகிற பொருள், வயிறு, குடல் எல்லாம் தாண்டி கல்லீரல் செல்லுக்குள்ளே போதுமான அளவில் போய்ச் சேரணும். சிவில் நண்பர்களுக்குப் புரியும். லேப்ல கியூப் டெஸ்ட் பாஸானா சைட்ல போட்ட ஸ்லாப் நிக்கும்னு எழுதிக் கொடுப்போமா? (சிமெண்ட் ஊர்க்காரங்க கிட்ட இதைக் கேக்கவே வேணாம்.)

அப்போ நம்ம ஊர்ல குடிச்சவங்களுக்கு எப்படிச் சரியாச்சு? மஞ்சள் காமாலை என்பது நோய் இல்லை, அறிகுறி. அசுத்தத் தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாவே அடங்கிடும். கீழாநெல்லி குடிச்சாலும் அடங்கும், குடிக்காட்டியும் அடங்கும். பெயர் மட்டும் செடிக்குப் போயிடும். ஹெபடைட்டிஸ் பி அப்படி இல்ல. கண் மஞ்சள் தெளிஞ்ச பிறகும் சிலர் உடம்புல தங்கி, வருஷக்கணக்கில் கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோய் வரைக்கும் போகும். பித்தப்பைக் கல்லாலும் கண் மஞ்சளாகும். அதுக்கு எந்தச் சாறும் வைரஸ் மாத்திரையும் உதவாது.

அதனால ஹாஸ்டல்ல யாருக்காவது கண் மஞ்சளாச்சுன்னா, மோர் கலக்குறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை. எந்த வைரஸ்னு அதுலதான் தெரியும். இன்னொன்னு, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க விரிவானது 2011-12 வாக்கில்தான். அதுக்கு முன்னாடி பிறந்த நம்மில் பலருக்குப் போட்டிருக்க வாய்ப்பு குறைவு. வீட்டில் தடுப்பூசி அட்டை இருந்தா எடுத்துப் பாருங்க. இல்லைன்னா மூணு டோஸ்: இன்னிக்கு ஒன்று, ஒரு மாசம் கழிச்சு ஒன்று, ஆறாம் மாசம் ஒன்று.