நன்றாக இருந்த இடுப்பு மறுபடி வலித்தால் எதைத் தேர்வது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இடுப்பு வலி பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே வருகிறது. வெள்ளறடை, குன்னத்துக்கால் சரிவுகளில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு, பட்டையில் வெட்டு கீழே இறங்க இறங்கக் குனிவும் கூடும். பாலராமபுரத்துக் குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு நாள் முழுக்க மிதிப்பவருக்கு எழுந்து நிற்பதே பெரும்பாடு. பிள்ளையையும் குடத்தையும் எப்போதும் ஒரே பக்க ஒக்கலில் வைத்துப் பழகிய பெண்களுக்கு அந்தப் பக்கமே வலிக்கும். இவர்களில் ஒருவர் பிசியோதெரபிஸ்ட் காட்டிய பயிற்சியை ஒழுங்காகச் செய்து வலியைக் குறைத்திருக்கிறார். திடீரென ஒரு காலை பழையபடி வலி பிடித்துக்கொள்கிறது. பயிற்சியைக் கைவிடுவது பெரும்பாலும் அந்தக் காலையில்தான்.

அப்போது வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நாலு யோசனை வரும். அசையாமல் படு, பல்லைக் கடித்துக்கொண்டு செய், வைத்திய ஆசானிடம் போய்த் தடவு, ஊசி போட்டுக்கொள். எனக்கு இவற்றில் எதுவும் முதல் தேர்வு அல்ல. பயிற்சியை விடாமல், அளவைக் குறைத்துத் தொடர்வதே என் முதல் தேர்வு.

ஓரிரு நாள் ஓய்வு தவறே இல்லை. வாரக்கணக்கில் படுத்தால் தொடையும் புட்டமும் பலமிழக்கும். முன்பு எளிதாகத் தாங்கிய அளவே பிறகு மிகையாகித் திரும்பவும் வலிக்கும். பல்லைக் கடிப்பவருக்கோ உடம்பு சொல்லும் எச்சரிக்கை காதில் விழுவதில்லை. நடுவழிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். சுவீடனில் 1990களில் முழங்கால் வலிக்காக விவரிக்கப்பட்ட முறை ஒன்று உண்டு. இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கு டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய பயிற்சித் திட்டமும் இதைப் போன்ற அளவையே கையாள்கிறது. வலியே இல்லையென்றால் 0, தாங்க முடியாத வலிக்கு 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் கவலையில்லை. 5 வரை போனாலும், 24 மணி நேரத்துக்குள் வழக்கமான நிலைக்கு இறங்கிவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையிலும் ஏறியே இருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று பொருள்.

குறைப்பது எப்படி? மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தூக்கும் பயிற்சி என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், தூக்கும் உயரத்தையும் குறையுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சிக்கு, இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்குங்கள். தினமும் செய்ததை ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கலாம். ஒரு வாரம் அமைதியாகப் போனால் ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். எண்ணிக்கை, உயரம், நாள் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால் எது கெடுத்தது என்று தெரியாது. அதைவிட முக்கியம், வலி வந்ததற்கு முந்தைய இரண்டு நாள் என்ன நடந்தது என்று பார்ப்பது. பயிற்சி மேல் பழி விழுந்தாலும், காரணம் கூடுதலாக வெட்டிய மரங்களாகவோ கல்யாண வீட்டுத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியதாகவோ இருக்கலாம்.

எங்கே வலிக்கிறது என்பதும் தேர்வை மாற்றும். தொடை இடுக்கில் வலித்தால் மூட்டையே சந்தேகிக்க வேண்டும். குத்தவைப்பதையும் தாழ்ந்த இருக்கையையும் கொஞ்ச நாள் தவிருங்கள். புட்டத்திலிருந்து காலுக்கு இழுத்தால் முதுகெலும்பு காரணமாகலாம், அதற்குப் பயிற்சியே வேறு. பக்கவாட்டில், கை வைத்தால் தட்டுப்படும் எலும்பின் மேல் வலித்தால் அது பெரும்பாலும் தசைநாண் தொல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நீவி நீட்டினால் சரியாகும் என்று காலைக் குறுக்கே இழுக்கிறார்கள், அது தசைநாணை எலும்போடு இன்னும் அழுத்துகிறது. நீட்டுவதை நிறுத்தி, கால் மேல் கால் போடுவதையும் ஒரு காலில் சாய்ந்து நிற்பதையும் விடுங்கள். வலிக்காத பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

இந்தப் பக்கவாட்டு வலியில் ஊசியையும் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு 2018இல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் 204 பேர். எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள், விளக்கமும் பயிற்சியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேர், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58 பேர், காத்திருந்து பார்த்தவர்களில் 29 பேர். ஊசி பயனற்றது என்று சொல்லமாட்டேன். தூங்கவே விடாத வலிக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் போட்டுக்கொள்ளலாம், பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தடவல், உழிச்சில் இரண்டும் நம் மண்ணின் செல்வம். தைலமும் சூடும் இறுக்கத்தைத் தளர்த்தி நல்ல தூக்கம் தரும். அந்த இதத்தோடு பயிற்சி செய்தால் இரண்டும் சேர்ந்து உதவும். வலி ஏறியிருக்கும் நாளில் மிதித்துத் தடவுவதற்கும் காலை இழுத்துவிடுவதற்கும் மட்டும் சம்மதிக்காதீர்கள். பெயர் எழுதாத வலி மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து நாள்பட விழுங்கினால், தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போவது குறைந்து எலும்பே செத்துப்போகக்கூடும்.

திருவனந்தபுரம், மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று மருத்துவர் மாறிப் போகிறவர்கள், செய்த பயிற்சியையும் வலி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். பயிற்சித் தாள் மலையாளத்தில் இருந்து, படிக்கத் தெரியாவிட்டால், கூச்சப்படாமல் செய்துகாட்டச் சொல்லி, அனுமதி கேட்டுப் பேரப்பிள்ளையை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

சில சமயம் இந்தத் தேர்வுகளுக்கே இடமில்லை. காய்ச்சலோடு வலி, படுத்தாலும் விடாத இரவு வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஒன்றிருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதானவர் விழுந்து, அந்தக் காலை ஊன்ற முடியாமல் கிடந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். தடவவோ, இழுக்கவோ, நடக்கவைக்கவோ வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், கேரள-தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.