இ.ஜி.ஆர். வால்வைத் தேடாதீர்கள், குழாயைப் பிடியுங்கள்

டீசல் கார் மேட்டில் இழுக்கவில்லை, மிதித்தால் கருப்புப் புகை கக்குகிறது என்றால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் அடிபடும் பெயர் இ.ஜி.ஆர். வால்வு. நாமே பார்த்துவிடலாமென்று பானெட்டைத் திறந்தவர்கள் டர்போ ஆக்சுவேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடுவதுதான் இந்த வால்வின் வேலை. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. அது கலந்தால் எரியும்போது உண்டாகும் உச்ச வெப்பம் தணியும், நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதும் குறையும். டீசலில் ஐடிலிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் வால்வு திறந்திருக்கும். முழுதாக மிதித்தால் மூடிவிடும். கரி பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொண்டால்தான் கருப்புப் புகையும் பிக்கப் இழப்பும். மூடியபடி சிக்கினால் ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது, டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்குதான் எரியும். ஸ்கேனரில் பி0401 வந்தால் உள்ளே திரும்பும் புகை போதவில்லை, பி0402 என்றால் அதிகம்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். வால்வின் உருவம் வண்டிக்கு வண்டி மாறும், குழாய் பெரும்பாலும் மாறாது. டர்போ இருக்கும் பக்கம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அங்கிருந்து காற்று நுழையும் மேனிஃபோல்டு பக்கமாகப் போகும் இரும்புக் குழாயைத் தேடுங்கள். பெரும்பாலும் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கும். ரப்பர் குழாயை விட்டுவிடுங்கள், அந்தச் சூட்டை ரப்பர் தாங்காது. வழியில் கூலன்ட் குழாய்கள் செருகிய உலோகப் பெட்டி இருந்தால் அது இ.ஜி.ஆர். கூலர். அதற்கு முன்னாலோ பின்னாலோ வால்வு இருக்கும்: பழைய வண்டியில் மெல்லிய வேக்குவம் குழாய் செருகிய வட்டத் தலை, புதியதில் ஒயர் சாக்கெட்டோடு கருப்புப் பிளாஸ்டிக் மோட்டார். டர்போவை நோக்கிக் கம்பி நீட்டியிருந்தால் அது ஆக்சுவேட்டர், தொடாதீர்கள். திராட்டில் பாடியோடு வால்வு ஒட்டியே இருந்தால், இரும்புக் குழாய் வந்து சேரும் பக்கம்தான் நமக்கு வேண்டியது.

இன்ஜினுக்குப் பின்னால் கண் எட்டாது. கழுத்தை வளைக்க வேண்டாம். செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு உள்ளே நுழைத்து எடுத்துப் பாருங்கள்.

சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் தனி வால்வே கிடையாது. வால்வு டைமிங்கை மாற்றியே அந்த வேலை நடந்துவிடும். அங்கே தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். கரியை மென்மையான பிரஷ்ஷாலும் கிளீனராலும் எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடம் கீறிப்போகும். மோட்டாருக்குள் கிளீனர் போகக் கூடாது. கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும்.

தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் பார்ப்பது புகையின் அடர்த்தியைத்தான், நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. ஆகவே அடைத்த வண்டிக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடத்தான் செய்யும், சான்றிதழை நம்பித் தகட்டை விட்டுவைக்காதீர்கள்.